முனாப்பின் கையில் கொடுக்கவும்

ஸெய்னுதீன் நோன்பு பிடிக்கிறார் என்று தபாற்கந்தோரில் முதன்முதலாகச் சொன்னவர் போஸ்ட்மாஸ்டர் பாக்கியரத்தினந்தான். தொண்ணூற்று நாலாம் ஆண்டு பங்குனி. நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. பதினொரு மணிக்குக் கடையிலிருந்து வழக்கம்போல மூன்று கோப்பைத் தேத்தண்ணீர் வந்தது. ஸெய்னுதீன் தன்னுடையதைத் தொடவில்லை. அது ஆறி, ஆடை படர்ந்து, மேசை மூலையில் இருந்தது.

"என்ன ஸெய்னுதீன், பெருநாள் முடிஞ்சும் நோன்போ? முப்பதும் காணாதெண்டு போனஸும் பிடிக்கிறீரோ?"

ஸெய்னுதீன் சிரித்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"பெருநாளுக்குப் பிறகு ஆறு நோன்பு இருக்கு, பிள்ளை," என்று போஸ்ட்மாஸ்டர் கவுண்டரில் வேலை செய்யும் கமலேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "அதையும் பிடிச்சால் வருசம் முழுக்கப் பிடிச்ச மாதிரியாம். எங்கட ஆக்களைப் பாரும். வெள்ளிக்கிழமை ஒரு நேரம் மீன் மச்சம் விடுறதுக்கே முகத்தைச் சுளிக்கிறம்."

கமலேஸ்வரி கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிர்த்தவில்லை. விரதம், நோன்பு என்று யாராவது மெச்சிப் பேசினால் அவள் அந்தப் பேச்சில் சேரமாட்டாள். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

துறைமுகத்தடியில் இருந்த சின்ன உப தபாற்கந்தோர் அது. இரண்டு அறை, கம்பிவலை போட்ட ஒரு கவுண்டர், வாசலுக்கு எதிரே மண்மூட்டை அடுக்கிய காவலரண். ஒரு காலத்தில் தபால்காரர் மூன்று பேர் இருந்தார்கள். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தோடு ஒருவர் இந்தியாவுக்கு வள்ளமேறினார், மற்றவர் மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். மூன்று பேருடைய தெருக்களும் ஸெய்னுதீனின் தலையில் விழுந்தன. அவர் கிண்ணியாக்காரர். காலையில் சைக்கிளோடு, ஊரார் பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறி, அது ஆற்றுவாயைக் கடக்கும்வரை நின்று, இரண்டு இடத்தில் இறங்கி அடையாள அட்டை காட்டி, எட்டரைக்கு வந்து சேருவார். பிறகு மூன்று ஆளின் வேலை. ஐம்பத்திரண்டு வயது.

முகவரியில் ஆள் இருந்த காலம் போய்விட்டது. பதினாலாம் இலக்க வீட்டுக்குக் கடிதம் வந்தால் அந்த வீட்டில் கூரை இருக்காது. அந்தக் குடும்பம் அலஸ்தோட்டத்து முகாமில் இருக்கிறதா, கந்தளாய்ப் பக்கம் போய்விட்டதா, யாரிடம் கொடுத்தால் போய்ச் சேரும் என்பதெல்லாம் ஸெய்னுதீனின் தலைக்குள்தான் இருந்தது. "நீர் ஒரு நாள் காய்ச்சலில விழுந்தால் இந்தக் கந்தோரைப் பூட்டவேண்டியதுதான். எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதும்" என்று போஸ்ட்மாஸ்டர் இரண்டு வருசமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். ஸெய்னுதீன் அதற்கும் சிரிப்பார்.

அவருடைய மகன் சரீப், பத்தொன்பது வயது, தொண்ணூற்றிரண்டு ஆவணியில் மாடு தேடிக் காட்டுப்பக்கம் போனவன். மாடு திரும்பி வந்தது. அவன் வரவில்லை. யார் கொண்டுபோனது என்று நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். எங்கேயோ இருக்கிறான், ஒரு கடிதம் போடுவான் என்று முதல் ஆறு மாதம் எல்லாரும் சொன்னார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டார்கள். ஸெய்னுதீன் மட்டும் கொழும்புப் பை வந்ததும் அதை மேசையில் கொட்டி, பிரிப்பதற்கு முன்பே எல்லாக் கடிதங்களையும் ஒரு தரம் விரல்களால் ஓட்டிப் பார்ப்பார். ஒரு கையெழுத்தைத் தேடும் பார்வை. இல்லையென்றால் அடுக்கத் தொடங்குவார். ஒன்றரை வருசமாக, ஞாயிறும் லீவு நாளும் தவிர ஒவ்வொரு நாளும். கமலேஸ்வரி அந்த நேரம் பார்த்து முத்திரைப் பெட்டிக்குள் எதையாவது தேடுவாள். ஒரு தடவைகூட அவரிடம் சரீப்பைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டால் நோகும் என்று நினைத்தாள்.

ஆனால் பெருநாளுக்குப் பிறகு அவர் கடிதங்களை ஓட்டிப் பார்க்கவில்லை. பையைக் கொட்டினார், அடுக்கினார், கட்டினார். மூன்றாவது நாள்தான் அது அவள் கண்ணில் பட்டது. ஆறுதல் அடைந்துவிட்டார் போலும் என்று நினைத்துக்கொண்டாள். முகமும் தெளிந்த மாதிரித்தான் இருந்தது.

தெளிந்த முகத்தை அவள் முன்பும் ஒரு முறை பார்த்திருக்கிறாள். அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

அவளுடைய கணவர் இரத்தினசிங்கம் துறைமுகத்தில் கிளாக்கர். தம்பலகாமத்தில் வீடும் வயலும் இருந்தன. தொண்ணூறு ஆனியில் உடுத்த உடையோடு வெளிக்கிட்டு நகரத்துக்கு வந்து ஒரு ஒழுங்கையில் ஒற்றை அறை எடுத்தார்கள். ஒரு வருசம் கழித்து அவர் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "கிணறு மட்டும் இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசிய நீளமான வசனம் எதுவும் அவளுக்கு நினைவில்லை. தொண்ணூற்றொன்றில் கந்தசஷ்டி தொடங்கிய அன்று காலைச் சாப்பாட்டை வேண்டாம் என்றார். மத்தியானமும் வேண்டாம். இரவு பாலும் பழமும் கொண்டுபோனாள், அதையும் திருப்பித் தந்தார்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதுதான் இன்றுவரை அவளை விடாதது. "இந்த முறை அவர் தண்ணியோட பிடிக்கிறார்" என்று அக்கம்பக்கத்துக்குச் சொன்னாள். அவர் வாய் திறக்காததைக் கண்டு மௌனவிரதம் என்றாள். விரதம் கெட்டுவிடக்கூடாது என்று யாரையும் அவரோடு கதைக்க விடவில்லை. மகள் இராசமலருக்கு அப்போது பதின்மூன்று வயது. "அப்பாட்டைப் போகாதை, பேசாமல் இரு" என்று அவளையும் தடுத்துவைத்தாள். ஆறு நாளும் அந்த மனிதனைச் சுற்றி வேலி போட்ட மாதிரி ஒரு அமைதியைத் தன் கையாலேயே கட்டிக் கொடுத்தாள். ஐந்தாம் ஆறாம் நாள் அவர் முகம் தெளிந்திருந்தது. முருகன் கண் திறந்துவிட்டான் என்று நினைத்தாள். ஏழாம் நாள், விரதம் முடிக்கும் பாறணைக்குப் பருப்பும் கத்தரிக்காயும் அடுப்பில் இருக்கும்போது, அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

"நெஞ்சு நோ எண்டு சொல்லு. பொம்பிளைப்பிள்ளை இருக்கிற வீடு," என்று மச்சாள் காதுக்குள் சொன்னாள். கமலேஸ்வரி அப்படியே சொன்னாள். கந்தோரிலும் மாரடைப்பு, மகளிடமும் மாரடைப்பு. சொல்லிச் சொல்லி அந்தச் சொல் நன்றாகத் தேய்ந்துவிட்டிருந்தது.

போஸ்ட்மாஸ்டர் நோன்புக் கதை சொல்லிப் பத்து நாள் போனது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பசை பிடித்த கையைக் கழுவ அவள் பின்பக்கம் போனாள். பைப்படியில் ஸெய்னுதீன் குனிந்து, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார். அவசரமாக இல்லை. நிதானமாக, மூன்று நாலு கை. நிமிர்ந்தவர் அவளைக் கண்டார்.

"மறந்து குடிச்சிட்டன் மிஸ். மறந்து குடிச்சா நோன்பு முறியாது," என்றார்.

"ஓம், நானா," என்றாள் அவள். அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

கையைக் கழுவினாள். மறந்து குடித்தவர் நினைவு வந்ததும் துப்புவார், தலையில் அடித்துக்கொள்வார். இவர் வாயைத் துடைத்துக்கொண்டு நடந்துபோனார். அப்படியென்றால் இவருக்கு நோன்பு இல்லை. நோன்பு இல்லையென்றால் இந்தப் பத்து நாளும் இவர் ஏன் ஒன்றும் சாப்பிடவில்லை? குழாயை மூடாமலே அவள் நின்றாள்.

உள்ளே வந்தபோது போஸ்ட்மாஸ்டர் ஒரு எண்பது பக்கக் கொப்பியைத் தூக்கிக் காட்டினார். முகமெல்லாம் பல்.

"பாத்தீரே பிள்ளை! ரெண்டு வருசம் கத்தினன். இண்டைக்கு மனுசன் முடிச்சுக் கொண்டந்து வச்சிட்டார். மூண்டு ரவுண்டும் இருக்கு. கேளும் இதை: 'முப்பத்தோராம் இலக்கம். நாய் கடிக்கும். டைகர் எண்டு கூப்பிட்டா வாலாட்டும்.' ஹா! 'நல்லம்மா ஆச்சிக்குக் கண் தெரியாது. வாசிச்சுக் காட்டவும். கெட்ட சேதி எண்டால் முதல்ல பக்கத்து வீட்டைக் கூப்பிடவும்.' இனி நீர் மூண்டு மாசம் லீவு எடுத்தாலும் கந்தோர் ஓடும் ஸெய்னுதீன்!"

ஸெய்னுதீன் பையின் வாரை மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"இஞ்ச தாங்கோ சேர், ஒருக்கால் பாப்பம்," என்று கமலேஸ்வரி கொப்பியை வாங்கினாள். போஸ்ட்மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார். ஒன்றேகாலுக்குத்தான் வருவார்.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். திருத்தமான, சாய்ந்த எழுத்து. இடம்பெயர்ந்தவர்கள், செத்தவர்கள், கடிதம் வாங்கப் பயப்படுபவர்கள். கடைசிப் பக்கத்தில் தனியாக இரண்டு வரி இருந்தது.

"கிண்ணியா. எம். எல். சரீப் அனுப்பும் கடிதம் ஏதும் வந்தால் மாமா முனாப்பின் கையில் கொடுக்கவும். உம்மாவிடம் நேரே கொடுக்க வேண்டாம். அவ பயந்துபோவா."

அவள் அதை மூன்று தரம் வாசித்தாள். சரீப்பின் கடிதம் வந்தால் அது முதலில் விழுவது இந்த மேசையில், இந்த மனிதனின் கைக்குள். வாப்பாவே தபால்காரனாக இருக்கும்போது அது எதற்கு மாமாவின் கைக்குப் போகவேண்டும்?

ஸெய்னுதீன் வாசலில் சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

கேட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. இல்லாத எண்ணத்தைக் கேட்டே மனதில் போட்டுவிடுவோமோ என்று பயம். ஐந்து நேரம் தொழுகிற மனிதனிடம் இப்படிக் கேட்பதா என்று கூச்சம். ஒருவேளை இதெல்லாம் என் விசராக இருக்கும் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் இருந்தது. அந்த நம்பிக்கைதான் கூட ஆபத்து என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கவுண்டர் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.

"நானா, உள்ள வாங்கோ. ஒரு கதை இருக்கு."

"சைக்கிள் வெயிலுக்க நிக்கிது மிஸ். டயர் வெடிச்சிடும்."

"டயர் கிடக்கட்டும். வாங்கோ."

அவர் வந்து, பையைக் கழற்றாமல் நின்றார். அவள் கொப்பியின் கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினாள்.

"சரீப்பின்ர கடிதம் வந்தால் முதல் உங்கட கைக்குத்தானே வரும். ஏன் முனாப்?"

"நான் லீவில நிண்டா..."

"லீவில நிண்டால் வீட்டில நிப்பீங்கள். முனாப் எதுக்கு?"

வெளியே காவலரணில் ஒருவன் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். கரகரவென்று சிங்களப் பாட்டு வந்து வந்து போனது.

"நானா," என்றாள். பிறகு நேராகவே கேட்டாள். "நீங்கள் சாகிறதுக்கு யோசிக்கிறீங்களா?"

"தௌபா, தௌபா," என்று அவர் வாய் தானாகச் சொன்னது. கன்னத்தில் தட்டிக்கொள்ள உயர்ந்த கை பாதியில் நின்றுவிட்டது. "ஆர் சென்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் கேக்கிறன். ஓமெண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. நான் பயப்படமாட்டன்."

பயந்துகொண்டுதான் இருந்தாள். அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தோளிலிருந்து பையை இறக்கிக் கீழே வைத்தார். கதிரையில் இருக்காமல், சாக்குக் கட்டின் மேல் குந்தினார்.

"ஓம்," என்றார்.

அவள் தன்னுடைய கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு இருந்தாள்.

"எவ்வளவு நாளா?"

"நோன்புக்கு முந்தியே வந்திட்டு. நோன்புக்குள்ள கொஞ்சம் லேசா இருந்திச்சி மிஸ். விடியக்கால எழும்பணும், பின்னேரம் திறக்கணும், எல்லாரும் இருப்பாங்க. பெருநாளண்டு என்ட பொஞ்சாதி சுபைதா மூணு பிளேட் வெச்சா. வீட்டில இரிக்கிற ரெண்டு பேர். அவ பழக்கத்தில வெச்சிட்டு, ஒண்ட எடுத்துக்கிட்டுக் குசினிக்குப் போயிட்டா. அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் இறங்கல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "நான் நோன்பெண்டு செல்லல்ல. நம்மட போஸ்ட்மாஸ்டர்தான் சென்னார். எல்லாருக்கும் அது சந்தோசமா இருந்திச்சி. வீட்டிலயும் அப்படியே விட்டுட்டன்."

"ம்."

"சாகணும் எண்டு ஆசையில்ல மிஸ். ஹறாம் எண்டும் தெரியும். நான் களைச்சிட்டன். பையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்துக் களைச்சிட்டன். ஊரில 'ஸெய்னுதீன்ட மனசு இரும்பு' எண்டு செல்றாங்க. இரும்ப வெச்சிக்கிட்டு நான் என்ன செய்ற?"

"எண்டைக்கு எண்டு யோசிச்சீங்கள்?"

அவர் தரையைப் பார்த்தார். "கொப்பி முடியட்டும் எண்டிருந்தன். ஆக்கள்ட காயிதம் அந்தரத்தில நிக்கக்கூடாதே." பிறகு மிக மெதுவாக, "இண்டைக்குப் போகக்குள்ள," என்றார்.

கமலேஸ்வரி கதிரையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள். உங்களுக்கென்ன குறை, சுபைதாவை யோசியுங்கோ, கடவுள் பார்ப்பார் என்றெல்லாம் வாய்வரை வந்தது. விரதத்துக்கு முந்தி இரத்தினசிங்கத்துக்கும் எல்லாரும் இதே சொற்களைத்தான் சொல்லியிருந்தார்கள். அவள் வேறொன்று சொன்னாள்.

"என்ர மனுசன் மாரடைப்பால சாகேல்லை, நானா."

இரண்டரை வருசத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள். கூரை இடிந்து விழவில்லை.

"தெரியும் மிஸ்," என்றார் ஸெய்னுதீன்.

"என்ன தெரியும்?"

"அந்த ஒழுங்கைக்குக் காயிதம் குடுக்கிறவன் நான். அண்டைக்கே தெரியும். அங்க எல்லாருக்கும் தெரியும்."

முதலில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பிறகு கோபம் வந்தது. கூட்டும்போதும், தண்ணீர் அள்ளும்போதும், கோவிலில் வரிசையில் நிற்கும்போதும், அத்தனை பேரும் தெரிந்துகொண்டே மாரடைப்புக் கதைக்குத் தலையாட்டினார்களா?

"தெரிஞ்சும் ஒருத்தரும் ஒரு சொல்லுக் கேக்கேல்லையே, நானா! நீங்களும் கேக்கேல்லையே. முன்னுக்குத்தானே இருக்கிறன், ஒவ்வொரு நாளும்."

"கேட்டா உங்களுக்கு நோகும் எண்டு நெனச்சன்."

"நானும் அதுக்குத்தான் சரீப்பைப் பற்றிக் கேக்கேல்லை," என்றாள்.

ஸெய்னுதீனின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று பார்த்தாள். இல்லை. அவள் எழும்பிப்போய் அவருக்குப் பக்கத்தில், சாக்குக்கட்டின் மறு ஓரத்தில் இருந்தாள். அழட்டும் என்று விட்டாள். விரதக் கதையை அவருக்குச் சொன்னாள், ஒன்றும் விடாமல், மகளைத் தடுத்ததையும் சேர்த்து. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அவர் ஒண்டும் செல்லல்லயா மிஸ்?"

"இல்லை. நான் சொல்ல விடேல்லை. நீங்கள் சொல்லிப்போட்டீங்கள். இனி இண்டைக்கு உங்களைத் தனிய விடமாட்டன். கிண்ணியாவுக்கு நானும் வாறன். முனாப்பிட்டச் சொல்லுவம். நாளைக்குப் பெரியாசுபத்திரிக்குப் போவம்."

"பெரிய கதையாக்காதீங்க மிஸ்."

"பெரிய கதைதானே, நானா." பிறகு, "சேரிட்டச் சொல்லட்டே? இல்லாட்டி வெளிக்கிட ஏலாது," என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். "செல்லுங்க. இனி மறைக்கிறதுக்கும் சத்தி இல்ல."

போஸ்ட்மாஸ்டர் வாயில் வெற்றிலையோடு வந்தார். பூட்டியிருந்த கவுண்டரைக் கண்டு, "என்ன, அரசாங்கம் லீவு விட்டிட்டுதோ?" என்றார். கமலேஸ்வரி விஷயத்தைச் சொன்னாள். அவர், "உமக்கென்ன ஸெய்னுதீன், உம்மைப்போல ஒரு..." என்று தொடங்கி நிறுத்தினார். மேசையில் கிடந்த கொப்பியைப் பார்த்தார். பத்து நாளாகத் தான் மெச்சியதெல்லாம் அவருக்குள் ஒவ்வொன்றாகப் போய் விழுவது முகத்தில் தெரிந்தது. வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"போங்கோ. ரெண்டு பேரும் போங்கோ. இண்டைக்குக் காயிதம் நான் குடுக்கிறன்."

"சேர், நீங்கள் சைக்கிள் ஓடி இருபது வருசம்."

"தள்ளிக்கொண்டு போறன்." பையைத் தோளில் மாட்டிப் பார்த்தார். வார் வயிற்றில் இறுகியது. "அந்த நாய்க்கு என்ன பேர் எண்டீர், ஸெய்னுதீன்?"

"டைகர், சேர். கிட்டப் போகாம, ஒழுங்கை முனையில நிண்டு கூப்பிடுங்க."

"முனையிலயே நிண்டு கூப்பிடுறன்."

கிண்ணியாப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். முதல் சோதனையில் ஒரு சிப்பாய் கமலேஸ்வரியின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏன் போறது?" என்று உடைந்த தமிழில் கேட்டான். "வீட்டில சுகமில்லை" என்றாள். பாதையில் ஆடு, மரக்கறிக் கூடை, சீமெந்துப் பை, ஆட்கள் என்று நெருக்கமாக இருந்தது. அவள் அவரை நடுவில் நிற்கவைத்து அருகில் நின்றாள். ஆற்றுவாய் மினுமினுத்துக் கண் கூசியது. அவளுக்கு அந்தக் கடவை அரை நாள் எடுத்ததுபோல இருந்தது.

சுபைதா வாசலிலேயே விளங்கிக்கொண்டாள். ஸெய்னுதீன்தான் சொன்னார், பாதி சொல்லி நிறுத்தி, மீதியையும் சொன்னார். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "நான் தொழுது தொழுது அல்லாட்டக் கேட்டன். இவரிட்டக் கேக்கல்ல மிஸ். கேட்டிருக்கலாமே," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுடைய தம்பி முனாப் அரிசிக்கடையைப் பூட்டிவிட்டு வந்தார். அதிகம் பேசாத ஆள். வீட்டைச் சுற்றிப் பார்த்து, அப்புறப்படுத்த வேண்டியதை எல்லாம் அப்புறப்படுத்தினார். பிறகு பாயையும் தலையணையையும் கொண்டுவந்து முன் அறையில் போட்டார். "மச்சான், நான் இஞ்சதான் படுக்கிறன். குறட்டை விடுவன். பொறுத்துக்கங்க," என்றார். பதினாறு நாள் அங்கேதான் படுத்தார்.

சுபைதா கஞ்சி கொண்டுவந்தாள். ஸெய்னுதீன் மூன்று கரண்டி குடித்தார். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். ஒருவரும் வற்புறுத்தவில்லை. கமலேஸ்வரி நாலரை மணிப் பாதையில் திரும்பினாள்.

அடுத்த நாள் ஆசுபத்திரி வாங்கில் இருபத்தேழாம் நம்பரோடு காத்திருந்தார்கள். டொக்டர் வர மத்தியானமாயிற்று. இளம் டொக்டர், கண்ணெல்லாம் சிவந்து, ராத்திரி நித்திரை இல்லாதவர்போல இருந்தார். ஆனால் அவசரப்படுத்தவில்லை. கமலேஸ்வரி கேட்ட அதே கேள்வியை அவரும் கேட்டார். ஸெய்னுதீனுக்கு இரண்டாம் தரம் ஓம் சொல்வது கொஞ்சம் லேசாக இருந்தது. இது காய்ச்சல்போல ஒரு வருத்தம், மருந்து இருக்கிறது, வேலை செய்யக் கிழமைகள் எடுக்கும், அதுவரை தனியாக இருக்கக்கூடாது என்றார் டொக்டர். முதல் மருந்து ஒத்துவராமல் கை நடுங்கியது. இரண்டாவதை மாற்றினார்கள். அதைக் குடித்தால் காலையில் எழும்ப முடியவில்லை என்று ஸெய்னுதீன் முறைப்பட்டார். மூன்று தரம் போனார்கள், நாலாம் தரம் ஊரடங்கு, ஐந்தாம் தரம் டொக்டர் மாறிவிட்டார், புது ஆளிடம் முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. அவர் சொன்னார்.

கமலேஸ்வரி வீட்டில் இராசமலருக்கும் சொன்னாள். அவள் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "என்னை ஏன் அப்பாட்டப் போகவேண்டாமெண்டனீங்கள்?" என்று கேட்டாள். அதற்குக் கமலேஸ்வரியிடம் இருந்தது ஒரே பதில்தான். "எனக்குத் தெரியேல்லை, பிள்ளை." அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதார்கள்.

சரீப்பின் கடிதம் வரவில்லை. இதை எப்படித் திருப்பிச் சொன்னாலும் அது வந்ததாக ஆகாது. ஸெய்னுதீன் வைகாசி கடைசியில் வேலைக்குத் திரும்பினார், முதலில் ஒரு தெருவுக்கு மட்டும். மற்ற இரண்டுக்கும் மேலிடத்துக்கு எழுதி எழுதி ஒரு ஆளை எடுப்பித்தது போஸ்ட்மாஸ்டர். கொழும்புப் பை வந்ததும் ஸெய்னுதீன் மறுபடி விரல்களால் ஓட்டிப் பார்க்கத் தொடங்கினார். அந்த நேரம் கமலேஸ்வரி முத்திரைப் பெட்டிக்குள் எதையும் தேடுவதில்லை. பக்கத்தில் வந்து நிற்பாள். "இல்லை, என்ன?" என்பாள். "இல்ல மிஸ்" என்பார். சில நாள் அவன் சின்ன வயதில் செய்த குழப்படி ஒன்றைச் சொல்வார்.

ஒவ்வொரு காலையும் அவர் சைக்கிளை நிறுத்தியதும் அவள் அந்தக் கேள்வியைக் கேட்பாள். ஒரு நாள் அவருக்குக் கோபம் வந்தது.

"மிஸ், நீங்க நாளாந்தம் கேட்டா எனக்கு உண்மையாவே விசர் பிடிச்சிடும்."

"பிடிக்கட்டும். கேப்பன். இண்டைக்கு அந்த எண்ணம் இருக்கா, இல்லையா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையைப் பிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இண்டைக்கு இல்ல. நேத்து கொஞ்சம் வந்திச்சி," என்றார்.

"நேத்து ஏன் சொல்லேல்லை?"

"முனாப்பிட்டச் சென்னன். ராவைக்கு வந்து படுத்தார். அந்தக் குறட்டையில என்னத்த யோசிக்கிற, மிஸ்."

ஆனி மாதத்து ஒரு திங்கட்கிழமை, வாடைபோல இல்லாத வறண்ட காற்று துறைமுகத்திலிருந்து தூசியைத் தூக்கிக்கொண்டு வந்தது. போஸ்ட்மாஸ்டர் லீவு. கமலேஸ்வரி வழக்கம்போலக் கேட்டாள். அவர் இல்லை என்றார், அன்று இரண்டு இடியப்பம் கூடச் சாப்பிட்டதாகவும் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு முத்திரையை எடுத்தாள்.

"உங்களுக்கு, மிஸ்?" என்றார்.

"எனக்கு என்ன?"

"உங்களுக்கு எப்படி இரிக்கி? நான்தான் செல்றன் ஒவ்வொரு நாளும். நீங்க செல்றல்லயே."

எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறன் என்று சொல்ல வாய் எடுத்தாள். எப்போதும் சொல்வது அதுதான், கடிதத்தில் முத்திரை குத்துவதுபோல யோசிக்காமலே வரும். அவர் கடிதங்களைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பதில் வாங்காமல் போகிற ஆளாகத் தெரியவில்லை.

"நல்லா இல்லை, நானா," என்றாள். "வெள்ளாப்பில, விடிய முந்தி முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை. சில நேரம் சேலையை உடுக்கவே கை வராமல் இருக்கு."

"எவ்வளவு நாளா?"

அவள் எண்ணிப் பார்த்தாள். கவுண்டருக்கு வெளியே இரண்டு பேர் வந்து நின்று கம்பிவலையைத் தட்டினார்கள். ஸெய்னுதீன் கிட்டப் போய், "பத்து நிமிஷம் பொறுங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, திரும்பி வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.